எட்டில் தாழ்ந்த கட்டம்

சத்தம் குழந்தையின் தொண்டையிலிருந்து வருகிறது என்றுதான் பெனிட்டா முதலில் நினைத்தாள். இரும்புச் சட்டியின் அடியை யாரோ கரண்டியால் சுரண்டுவதுபோல நீளமாக ஒரு இழுப்பு, நடுவில் மூச்சு விடுகிற மாதிரி ஓர் இடைவெளி, மறுபடி இழுப்பு. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் உள்ளறைக்கு ஓடி, தொட்டில் கட்டிலில் கிடந்த ஷெரினின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. பால் வாசம், ஈரமான சின்ன நாக்கு, முன்பற்கள் விரலில் அழுந்திய வலி. ஒன்றேகால் வயதுக் குழந்தை கண்ணைத் திறக்காமலே சிணுங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தது. சத்தம் நிற்கவில்லை. குழந்தை இல்லையென்றால் தண்ணீர்க் குழாய், குழாய் இல்லையென்றால் மாடியில் காற்றில் உரசும் தகரம், அதுவும் இல்லையென்றால் டெரன்ஸ். புருஷன் பேர் நினைப்பில் வந்ததும் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. மணி ஏழரைதான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பைக்கை உதைத்துக்கொண்டு போனான், அதற்குள் வரமாட்டான். சமையலறை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்தாள். அறுபத்து நான்கு மனைகள், அறுபத்து நான்கு வெள்ளைக் கற்கள், கல்லுக்கொரு சிவப்பு எண். அத்தனையிலும் கட்டி முடித்து விளக்கெரிகிற வீடு இது ஒன்றுதான். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முதலாளி மாரிக்கண்ணு கட்டிய மாடல் வீடு, காவலுக்கு ஆள் இருந்தமாதிரியும் ஆயிற்று என்று தன் மேனேஜர் டெரன்ஸைக் குடும்பத்தோடு குடிவைத்த வீடு. கற்களுக்கு அப்பால் ரயில்மேடு சுவர் மாதிரி கறுப்பாக நின்றது. அதன் காலடியில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் ஏறி ஏறி இறங்கின. ஜேசிபி. பாறைச் சல்லியை வாரி வாரி எதன் வாயிலோ திணிக்கிறது. எதன் வாயில் என்று அவளுக்குத் தெரியும். அடைக்கலாம் என்று அதற்கு யார் சொன்னது என்றும் தெரியும். அவள்தான் சொன்னாள்.

விழுந்த நாற்காலியை நிமிர்த்தி மறுபடி லேப்டாப்முன் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக. பழையது, புதியது. மேலே சென்னை அலுவலகத்திலிருந்து அவள் குழுத்தலைவி தாட்சாயணி அனுப்பிய செய்தி இன்னும் பதில் போடாமல் நின்றது: 'ஃபைனல் ஒன்பதுக்குள்ள வேணும்பா. காலைல பத்து மணி மீட்டிங்ல வைக்கிறாங்க. அதுக்கப்புறம் ஒரு கோடுகூட மாத்த முடியாது.' சிறுமலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் எந்தெந்த வழியாகப் போகின்றன என்று ஒரு அரசு அலுவலகத்துக்குப் படம் போட்டுக் கொடுக்கிற வேலை. நீலக்கோடு விழுந்த மண்ணில் மனை விற்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். பழைய படத்தில் கோடு இந்த இடத்தைவிட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. புதிய படத்தில் பதினெட்டாம் எண் மனையில் நுழைந்து நாற்பத்தொன்றில் வெளியேறுகிறது. "பழசையே அனுப்பு" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தான் டெரன்ஸ். "நான் திரும்பி வரும்போது இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாது. இருந்துச்சு, திங்கக்கிழமைய விட மோசமாயிரும், பாத்துக்க." திங்கட்கிழமை. திங்கட்கிழமையை நினைக்கலாம், அதில் வலிதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையைத்தான் நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினை, பெனிட்டா. கட்டங்களை நினை. ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த உயரப் படம் இது. தரையை மீட்டருக்கு ஒரு கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் உயரத்தை மட்டும் எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறது. மரம் கிடையாது, ஆள் கிடையாது. வெறும் எண்ணிலிருந்து தண்ணியை எப்படிக் கண்டுபிடிக்கிற என்று கல்யாணமான புதிதில் டெரன்ஸ் கேட்டிருக்கிறான், தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றி இருக்கிற எட்டுக் கட்டங்களைப் பார்க்கும், எட்டில் எது ரொம்பத் தாழ்ந்ததோ அதன் தலையில் தன்னிடம் உள்ளது மொத்தத்தையும் கொட்டிவிடும், அது தனக்குக் கீழே இருப்பதன் தலையில் கொட்டும், கொட்டக் கொட்ட எங்கே நிறையச் சேர்கிறதோ அதுதான் ஓடை என்று சொன்னாள். "அட, எங்க முதலாளி ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்று அவன் சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான். ரயிலடிக் கடையிலிருந்து வாழையிலையில் கட்டின பரோட்டா வாங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடு என்று தானே பிய்த்துப் போடுவான். பிய்த்துப் போட்ட அதே விரல்கள். விரலை நினைக்காதே.

பிழை எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால் விநாடியைக்கூடச் சொல்லிவிடுவாள். சுற்றியுள்ள எட்டும் தன்னைவிட உயரமாக இருக்கிற கட்டம் ஒன்று வந்தால் தண்ணீர் அங்கேயே மாட்டிக்கொள்ளும், கோடு அறுந்துபோகும். அதற்குக் குழி என்று பேர். குழி என்றால் அளவெடுத்ததில் வந்த பிழை, விளிம்புவரை நிரப்பிவிட்டு மேலே போ என்பதுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். பாதிக்குமேல் உண்மையும் அதுதான். அவளும் நிரப்பினாள், எவ்வளவு ஆழம்வரை நிரப்பலாம் என்று ஒரு எல்லை வைக்காமல், ஒரே தட்டில். பதினொரு விநாடி ஆனது. கோடுகள் மலையிலிருந்து ஆறுவரை ஓர் இடத்திலும் அறுபடாமல் வழுவழுவென்று வந்து நின்றதைப் பார்த்ததும் மனசு எப்படிக் குளிர்ந்தது. அறுந்த கோடு என்றால் அவளுக்கு இந்த இருபத்தேழு வயதிலும் கைமுட்டி தானாக மடங்கும். கான்வென்டில் ஏழாம் வகுப்பில் சிஸ்டர் ஆல்பர்ட்டா நீலப் பென்சிலால் நதி வரையச் சொல்வார். பென்சிலைத் தூக்காமல் வரைய வேண்டும், நடுவில் தூக்கினால் மர ஸ்கேலின் விளிம்பு முட்டியில் இறங்கும். "ரிவர்ஸ் டோன்ட் ஸ்டாப், மை சைல்ட்" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே அடிப்பார். அம்மா என்று கத்தினால் இன்னொரு அடி, ஏனென்றால் அம்மா தமிழ். அழுவதற்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய பள்ளிக்கூடம். அதனாலோ என்னவோ அவளுக்குச் சத்தம் போட்டு அழ வராது. திங்கட்கிழமைகூட வரவில்லை. "என்னடி, கத்தக்கூட மாட்டேங்குற, அவ்வளவு திமிரா?" என்று அதற்கும் சேர்த்து விழுந்தது. நிரப்பிய கட்டங்களை அன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரயில்மேட்டுக்கு மேற்கே ஒரு பெரிய பரப்பு முழுவதும், தட்டையாக, நாலு மீட்டர் ஆழத்துக்கு நிரம்பிக் கிடந்தது. பிழைக்குழி அவ்வளவு பெரிதாக இருக்காது. மேலேயிருந்து பார்க்கிற ட்ரோனுக்கு ரயில்மேடு ஒரு சுவர். சுவருக்கு அடியில் ஏதாவது திறப்பு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, ஏறி, கடைசியில் தெற்கே லெவல் கிராஸிங் பள்ளத்தின் வழியாக வழிந்து போவதாகக் கணக்குப் போட்டுவிட்டது. இதே ஜன்னலில் நின்று முந்நூறு மீட்டரில் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே குழந்தைக்குப் பருப்புச்சோறு ஊட்டியவள்தான் அதைச் சரி என்று அனுப்பினாள். இடையில் நின்றது சீமைக்கருவேல். அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை.

போனது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து டெரன்ஸ் படுத்துவிட்டான், ஆடு ஆடு என்று ஷெரின் ஒரே அழுகை. இடுப்பில் வைத்துக்கொண்டு கருவேலுக்குள் ஆட்டுத்தடம் பிடித்துப் போனாள். முள்ளுக்கு முந்தானை மாட்டி மாட்டி எடுத்துக்கொண்டு போய் வெளியே வந்தால் எதிரே கல்லால் கட்டின வளைவு, ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போகிற உயரத்தில், மேட்டை ஊடுருவிக்கொண்டு அந்தப் பக்கம்வரை. உள்ளே ஈர மணல். வௌவால் நாற்றம். ஆடுகள் அதன் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் செங்கல் சூளை, பன்னிரண்டு தகரக் கொட்டகைகள். வாசலில் உட்கார்ந்து தன் குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண் யாரென்று கேட்காமலே ஷெரின் கையில் ஒரு கொய்யாத் துண்டைத் திணித்தாள். முத்துராக்கு என்று பேர் சொன்னாள். பாலத்துக்குள்ள தண்ணி வருமா என்று பெனிட்டா கேட்டதற்கு, "ஐப்பசில வந்து பாரும்மா, மலையில பேஞ்சா ஒரு மணி நேரத்துல ரயிலு வர்ற மாதிரி வரும். இந்தப் பாலத்துக் கண்ணு இருக்கப்போயித்தான் நாங்க பொழச்சுக் கெடக்கோம்" என்றாள், நகத்தில் பேனை நசுக்கிக்கொண்டே. திரும்பி வரும்போதுதான் கருவேல் கிளைகளில் அதைப் பார்த்தாள். காய்ந்த புல்லும் பாலிதீன் கிழிசலும் ஒரு சின்னக் குழந்தையின் ரப்பர் செருப்பும், வெள்ளம் விட்டுப்போன இடத்தில், அவள் தலைக்குமேல். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. செல்போனில் படம் எடுத்தாள். இடுப்பில் ஷெரின் திமிறியதில் முதல் மூன்று கலங்கிப் போயின. இன்றைக்கு ஐப்பசி எட்டு. பாலத்தின் வாயில் சல்லி விழுகிறது, பின்னாலேயே ஒரு இழுப்பு, மறுபடி சல்லி. வாய் அடைந்துவிட்டால் மனைகளுக்குத் தண்ணீர் வராது, பழைய படமே சரியென்று ஆகிவிடும். இனிமேல் திரையில் நிரம்பின அந்த நாலு மீட்டர் நிஜமாகவே நிரம்பும். கணக்கில் கொட்டகைகள் மூழ்கப் பதினொரு விநாடி ஆனது. நிஜத்தில் ஒரு மணி நேரம். தகரம் முதலில் மிதக்குமா, இல்லை உள்ளே இருப்பவர்கள் மேல் மடங்கி அமுக்குமா என்று மனசு அதுபாட்டுக்கு வரைந்துகொண்டு போயிற்று: முத்துராக்கின் விரல்கள் தகர விளிம்பைப் பிடிப்பது, தகரம் விரலை அறுப்பது, சேலைத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை தொட்டிலோடு ஈரமாகக் கனத்துத் தொங்குவது. நிறுத்து என்றால் நிற்கவில்லை. பென்சிலைத் தூக்க முடியவில்லை.

ஞாயிறு ராத்திரி டெரன்ஸிடம் சொன்னபோது அவன் அடிக்கவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டான். திங்கட்கிழமை மாலை சர்வேயர்கள் எதிரில் மாரிக்கண்ணு முதலாளி அவன் பைக்கை எட்டி உதைத்துச் சாய்த்தார், பிறகு பிடரியில் ஓர் அறை. "உம் பொண்டாட்டிய உன்னால ஒரு கோடு தள்ளிப் போட வைக்க முடியல, நீயெல்லாம் எனக்கு மேனேஜரா?" இதை டெரன்ஸே வந்து சொன்னான், சொல்லச் சொல்ல அழுதான், அழுதுகொண்டே அவள் கொண்டையைப் பிடித்துக் கீபோர்டில் முகத்தை வைத்து அழுத்தினான். திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிற்று. அது ஓடுவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள், பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போயிற்று. "ஒரு நம்பர கூட்டிப் போட்டா சின்ன ஓடையெல்லாம் படத்துல வராதுன்னு நீதான சொன்ன. அதச் செய். ஒரு நம்பருக்கு இவ்வளவு பிகுவா?" அவன் சொன்னது தப்பில்லை. எத்தனை கட்டத்துத் தண்ணீர் சேர்ந்தால் அதை ஓடை என்று ஒத்துக்கொள்வது என்பதை முடிவு செய்வது போடுகிறவள் கைதான். மேல் உதடு பிளந்து ரத்தம் எழுத்துகளுக்கிடையில் இறங்கியதில் இரண்டு எழுத்துகள் இப்போதும் ஒட்டிக்கொள்கின்றன. அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை துணி துவைத்தாள், தோசைக்கு அரைத்தாள், பதினொரு மணிக்கு உட்கார்ந்து மேட்டின் குறுக்கே அந்தத் திறப்பைப் படத்தில் வெட்டிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். முக்கால்வாசி ஓடியிருந்தபோது ஷெரின் தவழ்ந்து வந்து வயரைப் பிடித்து இழுத்தது, பேட்டரி செத்த லேப்டாப், திரை அணைந்தது, அவ்வளவுதான். அவ்வளவுதான் இல்லை. கை போனது. தன் கைதான், கல்யாண மோதிரத்தோடு, மேலே போய் கீழே வந்ததை அவள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தமாதிரி இருந்தது. ஒரு தடவை இல்லை. மூன்று. குழந்தையின் தொடையில் நாலு விரலும் சிவப்பாக எழும்பி வந்தன, மோதிரம் பட்ட இடம் மட்டும் வெள்ளையாக. குழந்தை அழவில்லை. அதுதான், அதைத்தான் நினைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அழாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்தது. பக்கத்தில் கிடந்த துணி யானையை இழுத்து எடுத்து மடியில் வைத்து, கையை ஓங்கி அதை அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது, சரியாகச் செய்தேனா என்கிற மாதிரி. முதலாளி, டெரன்ஸ், பெனிட்டா, ஷெரின், யானை. பஞ்சுக்குக் கீழே யாரும் இல்லாததால் அங்கே நின்றது. தேங்காயெண்ணெய் தடவும்போது தொடை விரலுக்கடியில் நடுங்கியது, அவளிடமிருந்து விலகி. தன்னைப் பார்த்துத் தன் குழந்தை நடுங்கியதைப் பார்த்தவள் இனி யாரைப் பார்த்து நடுங்க வேண்டியிருக்கிறது. இருந்தும் நடுங்கினாள். எல்லாரையும் பார்த்து நடுங்கினாள், முக்கியமாக மேஜைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்து.

செல்போன் அதிர்ந்தது. மூன்றாவது அதிர்வில் எடுத்தாள். "அனுப்பிட்டியா?" என்றான் டெரன்ஸ். பின்னால் எஞ்சின் இரைச்சல், யாரோ இருமினார்கள். ஜன்னலில் கேட்கிற சத்தமும் போனில் கேட்கிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இன்னும் இல்லங்க. ஓடிக்கிட்டிருக்கு." "என்னத்த ஓடுது? காலைலேர்ந்து ஓடுது ஓடுதுங்குற. ஒலிம்பிக்ஸா நடத்துற?" அங்கே யாரோ சிரித்தார்கள், சிரிப்பைக் கேட்டு அவன் குரல் கொஞ்சம் மேலே ஏறியது. "முதலாளி பக்கத்துலதான் நிக்கிறார். கான்வென்ட்ல படிச்ச புள்ள, நம்மள மாதிரி தற்குறியா, யோசிச்சுத்தான் அனுப்பும்ங்குறார். என்னைய அசிங்கப்படுத்தாத பெனி." "பாலத்துக்கு அந்தாண்ட சூளைக்காரங்க இருக்காங்க. பிள்ளைங்க இருக்கு. அத அடைச்சா மழைக்கு எங்க போவாங்க?" எஞ்சின் சத்தம் தள்ளிப் போயிற்று. பேசியபோது அவன் வேறெங்கோ நகர்ந்து வந்திருந்தான், குரல் தணிந்திருந்தது, அந்தத் தணிவுதான் அவளுக்குத் தெரிந்த ஆபத்து. "நம்ம பிள்ள எங்க இருக்கு?" "தூங்குது." "எங்க தூங்குது? யாரு குடுத்த வீட்ல தூங்குது? ஊருக்கெல்லாம் அம்மாவா நீ? அரை மணி நேரத்துல வர்றேன். நீ அனுப்பினத எங்கண்ணால பாப்பேன். இல்லேன்னு வையி, அந்த டப்பாவ உன் தலையில போட்டு உடைச்சுட்டு மறு சோலி பாப்பேன். நேத்து பிள்ள தொடையில என்ன தடம்? நான் பாக்கலேன்னு நெனச்சியா? நல்ல அம்மாதான் நீ." கட் ஆனது. காது சுட்டது. அவனுக்குத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்திருக்கிறான், தேவைப்படும்போது எடுக்கலாம் என்று. அடுக்களையில் தோசைக்கல் அடுப்பின்மேல் கிடந்தது. கனமான கல், இரண்டு கையாலும் பிடித்தால் தலைக்குமேல் தூக்கலாம். அவன் குனிந்து செருப்பைக் கழற்றும்போது பிடரி தெரியும், முதலாளி அறைந்த அதே இடம். ஒரே தடவை போதும், சத்தம்கூடப் பெரிதாக வராது, தேங்காய் உடைகிற மாதிரி வரலாம். ரத்தம் இந்த டைல்ஸில் எந்தப் பக்கம் ஓடும் என்றுகூட அவளுக்குத் தெரியும், தரை குளியலறைப் பக்கமாக லேசாகச் சரிவு. நினைத்து முடித்தபின்தான் தான் எழுந்து போய்க் கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சில்லென்று இருந்தது கல். பயமாக இல்லை, எளிதாக இருந்தது. அந்த எளிதுதான் அவளைத் திரும்ப மேஜைக்கு ஓட வைத்தது. கல்லைத் தூக்கினால் அவனோடு முடியாது. நாளைக்கு ஷெரின் பார்க்கும். பார்த்துவிட்டு உதட்டை இறுக்கும்.

புதிய படத்தை இணைத்தாள். பாலத்தின் போட்டோக்களை, கலங்கின மூன்றையும் விடாமல், இணைத்தாள். முதல் படத்தில் ஓடை இடம் மாறியிருக்கிறது, ரயில்மேட்டின் கீழே இருக்கும் பாலத்தை நான் களத்தில் போய்ப் பார்க்காமல் நிரப்பிவிட்டேன், பிழை என்னுடையது, இப்போது அந்தப் பாலத்தின் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள், மேற்கே பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன என்று எழுதினாள். ஒட்டிக்கொண்ட இரண்டு எழுத்துகள் தானாக இரட்டை இரட்டையாக விழுந்தன. திருத்தாமல் அனுப்பினாள். எட்டு மணி ஐந்து நிமிடம். இரண்டே நிமிடத்தில் தாட்சாயணி கூப்பிட்டாள். "என்னப்பா இது, ஓடையவே தூக்கி வேற எடத்துல வெச்சிருக்க? கண்ண மூடிக்கிட்டு ஃபில் குடுத்துட்டியா?" "ஆமாக்கா." "நானும் பாக்காம கையெழுத்து போட்டிருக்கேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும். சரி, மூடுறாங்கன்னா இப்பவேவா?" பெனிட்டா செல்போனை ஜன்னல் கம்பியில் வைத்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். "அந்த ஆபீசரோட நம்பர் இருக்கு, இப்பவே புடிக்கிறேன். ரயில்வே ஆளுங்களுக்கும் சொல்லச் சொல்றேன், அவங்க பாலம்ல அது. ஏம்மா, உன் குரல் ஏன் இப்படிக் கெடக்கு? வீட்ல யார் இருக்கா?" "குழந்தை இருக்குக்கா." "வீட்டுக்காரர்?" "வந்துக்கிட்டிருக்கார்." தாட்சாயணி மேலே கேட்பதற்குள் பெனிட்டாவே வைத்துவிட்டாள், இன்னும் ஒரு அன்பான வார்த்தை கேட்டால் உடைந்துபோவோம் என்று. ஜேசிபி இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆகலாம், ஆபீசர் போனை எடுக்காமலே போகலாம், ஆனால் காலையில் பத்து மணிக்கு மேஜையில் விரிக்கப்போகிற படத்தில் கோடு பாலத்துக்குள்தான் போகும். அதை இனி யாராலும், அவளாலும்கூட, தள்ளிப் போட முடியாது. மிச்சம் இருப்பது அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் போக உள்ளதும், வாசற்கதவும்.

மாடல் வீட்டுக் கதவு. தேக்கு மாதிரி பளபளப்பு, மயில் கழுத்துப் பித்தளைக் கைப்பிடி, வருகிறவர்கள் தடவிப் பார்த்து ஆஹா என்பார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று அவனிடம். உள்ளே மேல்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள், தண்டு மேலே ஏறிப் போய் உட்கார வேண்டிய துளையை மட்டும் நிலையில் தோண்டவில்லை. பார்க்கிறவர்கள் யார் தாழ் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். குடிவந்த அன்று அவள் கேட்டதற்கு, "வீட்டு ஆம்பள வெளிய இருக்கும்போது உள்தாழ் எதுக்குடி?" என்று டெரன்ஸ் சொன்னது அப்போது செல்லமாகக்கூட இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தண்டைத் தள்ளிப் பார்த்தாள், நிலையில் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள், கருவிப் பெட்டியிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து வட்டத்தில் வைத்து அம்மிக்குழவியால் அடித்தாள். முதல் அடியில் வார்னிஷ் பெயர்ந்தது. இரண்டாவதில் மரச்சிம்பு தெறித்துக் கண்ணுக்குக் கீழே குத்தியது. தேக்கு இல்லை, மேலே ஒட்டியது மட்டும்தான் தேக்கு, உள்ளே ஏதோ வெள்ளை மரம், இறுக்கமாக இருந்தது. அடித்தாள். முதலாளியின் கையை அடித்தாள், மர ஸ்கேலை அடித்தாள், ஸ்கேலைப் பிடித்த மெலிந்த வெள்ளை மணிக்கட்டை அடித்தாள், டெரன்ஸின் தணிந்த குரலை அடித்தாள், மேலே போய்க் கீழே வந்த மோதிரக் கையை அடித்தாள், குழவி வழுக்கி நிஜமாகவே கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்தது, நிறுத்தவில்லை. உள்ளறையிலிருந்து ஷெரின் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பது பக்கவாட்டில் தெரிந்தது. "ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா கதவ அடிக்கிறேன். கதவத்தான்." குரல் சாதாரணமாக வந்தது, அவளுக்கே ஆச்சரியம். ஒரு விரல் ஆழம் போயிருந்தது. தண்டு பாதிதான் ஏறியது. கற்களுக்கு நடுவே பைக் வெளிச்சம் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு வந்தது. இன்னும் இரண்டு அடி. மூன்று. ஓரத்தைக் கத்தியால் கீறி நெம்பினாள், மரம் நார் நாராகப் பிரிந்து முகத்தில் கொட்டியது. பைக் நின்றது. சாவி துளைக்குள் தடவி, நுழைந்து, திரும்பியது. கதவு உள்பக்கம் ஒரு விரற்கடை அசைந்து, பாதி ஏறியிருந்த தண்டில் தடுக்கி நின்றது. "பெனி? ஏன் இறுக்குது?" என்றான், வெறும் களைப்போடு. அந்தக் களைப்பில் ஒரு கணம் அவள் கை தளர்ந்தது. சாப்பிட்டிருக்க மாட்டான். மத்தியானமும் சாப்பிட்டிருக்க மாட்டான். "அனுப்பிட்டேன்" என்றாள் கதவிடம். "எத?" "புதுச." கதவில் அவன் தோள் வந்து மோதியது, ஸ்டூல் ஆடியது, பூட்டின் திருகுகள் முனகின. "தொறடி. உள்ள யார வெச்சிருக்க?" "நானும் ஷெரினும். இன்னைக்குத் தொறக்க மாட்டேங்க. உங்கள மட்டுமில்ல, யாரையும் விடமாட்டேன்." "கொன்னுருவேன்." "தெரியும்" என்றாள், பெரிதாகச் சத்தம் இல்லாமல், ஒரு முகவரி சொல்வதுபோல. அவன் பின்வாங்கி ஓடிவரும் காலடி கேட்டது. கதவு நிலையோடு பொருந்தி நின்ற அந்த ஒரு கணத்தில் குழவியை இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்ப்பாளின் காதில் கீழிருந்து மேலே ஓங்கி அடித்தாள். பித்தளைத் தண்டு வெள்ளை மரத்தைக் கிழித்துக்கொண்டு ஏறி, கடைசிவரை போய், நிலைக்குள் இறுகி உட்கார்ந்தது.